'குப்பை' என்ற சொல் பிழையானது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் வெளிவந்த மரபியல் கட்டுரை, புரதம் உருவாக்காத டிஎன்ஏ முழுவதையும் 'குப்பை' என்று ஒரே சொல்லில் ஒதுக்கியிருந்தது. திருவையாற்றுப் பக்கம் முப்பது ஆண்டுகள் உயிரியல் கற்பித்த நானும் அதே சொல்லைக் கரும்பலகையில் எழுதியவள்தான் என்பதால், இதைத் திருத்தும் பொறுப்பு எனக்கும் உண்டு.

மனித டிஎன்ஏவில் ஏறத்தாழ 8 சதவீதம், நம் மூதாதை உயிரினங்களின் இனப்பெருக்க அணுக்களில் எப்போதோ புகுந்துவிட்ட ரெட்ரோவைரஸ்களின் (தம் மரபணுக்களைத் தாம் தொற்றிய உயிரணுவின் டிஎன்ஏவுக்குள் செருகிவிடும் வைரஸ்கள்) எச்சம். புரதங்களுக்கான பகுதியோ 2 சதவீதத்தைத் தாண்டாது. அந்த வைரஸ்களின் மரபணுக்கள் பெரும்பாலும் சிதைந்துவிட்டன. ஆனால், அவற்றை இயக்குவதற்கென்று இரு முனைகளிலும் இருந்த கட்டுப்பாட்டுத் துண்டுகளில் சில, இன்று நம் மரபணுக்களுக்கு மதகுகளாக நின்று, எந்த உறுப்பில் எப்போது திறப்பது என்று தீர்மானிக்கின்றன.

சான்றுக்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. குழம்பு ஊற்றாத பொன்னி அரிசிச் சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் மெல்ல இனிப்புத் தட்டும். உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதே காரணம். கணையத்திலும் சுரக்கும் இந்த நொதி மனிதரின் உமிழ்நீர்ச் சுரப்பியில் சுரப்பதற்கு, அதன் மரபணுவுக்கு முன்னால் செருகிக்கொண்ட ஒரு பழைய வைரஸ் துண்டு தேவைப்படுகிறது என்பதை 1992ஆம் ஆண்டிலேயே, மனித மரபணுத் துண்டை எலிகளுக்குள் செலுத்திச் செய்த ஆய்வு காட்டியது. நெல் விளையும் மண்ணில் வாழும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எது?

வைரஸ் எச்சம் அத்தனையும் பயனுள்ளது என்று நான் வாதிடவில்லை. பெரும்பகுதியை உடல், டிஎன்ஏமீது ஒட்டும் மெத்தில் என்ற சிறு வேதிக்குறிகளால், இயங்காதபடி பூட்டியே வைத்திருக்கிறது. ரோம நிறத்தைக் கட்டுப்படுத்தும் அகூட்டி என்ற மரபணுவின் அருகே இத்தகைய துண்டு செருகப்பட்ட ஒரு வகை எலியில், பூட்டு கழன்றால் ரோமம் மஞ்சளாகி உடல் பருக்கிறது; கருவுற்ற தாய்க்கு ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 போன்றவற்றைக் கூடுதலாகக் கொடுத்தபோது பூட்டு கழலாத பழுப்பு நிறக் குட்டிகள் அதிகம் பிறந்ததை 2003இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. தாயின் உணவுக்கேற்பப் பூட்டும் மாறும் ஒன்றைக் குப்பை என்று எப்படிச் சொல்வது?

அடுத்த வாரப் பக்கத்தில் ஒரு சிறு திருத்தமாவது வெளியிட வேண்டுகிறேன். பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். என் பேத்தியின் நோட்டிலும் அந்தக் கட்டுரை ஒட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
திருவையாறு.