பவுடர் நின்றாலும் பயிற்சி நிற்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்காசிப் பக்கம் வீடுகளுக்குப் போய் பிசியோதெரபி செய்பவள் நான். எழுபது தாண்டிய ஆச்சிமார் இருக்கும் பல வீடுகளில் வைட்டமின் டி பவுடர் பாக்கெட்டைப் பார்க்கிறேன். ஒரு பாக்கெட்டில் 60,000 யூனிட். வாரம் ஒன்று வீதம் இரண்டு மாதத்துக்கு டாக்டர் எழுதியிருப்பார். கெடு முடிந்த பிறகும் மருந்துக் கடையில் காலி பாக்கெட்டைக் காட்டி வாங்கி, பாலில் கலந்து குடித்துக்கொண்டே இருக்கிறார்கள். கேட்டால், "காலுக்குத் தெம்பு வேணும்லா" என்கிறார்கள்.

குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த மருந்து கட்டாயம் வேண்டும். வைட்டமின் டி மிகவும் குறைந்தால் தொடைத் தசை தளர்ந்துவிடும். தரையிலிருந்து எழவும் படியேறவும் சிரமப்படுவார்கள். மருந்து எடுத்தால் அது சரியாகும். குறைபாடு தீர்ந்த பிறகும் விழுங்குவதுதான் என் கவலை.

எழுபது வயதைத் தாண்டிய 200 பேரிடம் ஜூரிச்சில் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. மாதம் 60,000 யூனிட், அதாவது நம் பாக்கெட் ஒன்றின் அளவு, ஒரு பிரிவினருக்குக் கொடுத்தார்கள். கால்களின் செயல்திறன் கூடவில்லை. அந்த ஓராண்டில் அவர்களில் சுமார் 67 சதவீதம் பேர் கீழே விழுந்தார்கள். மாதம் 24,000 யூனிட் எடுத்தவர்களில் 48 சதவீதம்தான். ஆஸ்திரேலியாவில் 2,256 மூதாட்டிகளிடம் நடந்த ஆய்வில், ஆண்டுக்கு ஒரே வேளையாக ஐந்து லட்சம் யூனிட் எடுத்தவர்களுக்கு விழுவதும் எலும்பு முறிவதும் மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தன. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும்.

தசைக்கு வேலை கொடுத்தால்தான் தசை வலுக்கும். பாஸ்டனில் சராசரி வயது 87 உள்ள முதியோர் இல்லத்தவர்கள் பத்து வாரம் எடைப் பயிற்சி செய்ததில், தசை வலு இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. 1994இல் வெளியான ஆய்வு அது. நான் சொல்லிக் கொடுப்பதும் எளிய பயிற்சிகள்தான்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, கணுக்காலில் மணல் பை கட்டி முழங்காலை நீட்டுவது. பழகப் பழக எடையைக் கூட்ட வேண்டும். அங்கேதான் வீட்டார் தடுக்கிறார்கள். "இந்த வயசுல வெயிட்டா?" என்று பதறி, குடத்தைக்கூடத் தொட விடாமல் உட்கார வைக்கிறார்கள். பாசம்தான், ஆனால் உட்கார உட்காரத் தசை கரைகிறது. ஒரு வேலையும் கொடுக்காமல் பவுடரை மட்டும் வாங்கிக் கொடுத்து என்ன பயன்?

மருந்தை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்று டாக்டர்கள் சீட்டில் தமிழிலேயே எழுத வேண்டும். காலி பாக்கெட்டைப் பார்த்து மருந்துக் கடைக்காரர்கள் கொடுக்கக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் பிசியோதெரபிஸ்டுகள், படுத்த படுக்கையானவர்களைப் பார்ப்பதோடு, நடமாடும் மூதாட்டிகளையும் ஊர்ப் பொதுவிடத்தில் கூட்டிப் பயிற்சி கொடுக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். அப்புறம், உங்கள் மருத்துவப் பக்கத்தில் இந்தப் பயிற்சிகளைப் பெரிய படங்களோடு போடுங்கள். எழுத்து தெரியாத ஆச்சிமாரும் பார்த்துச் செய்வார்கள்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்ட் ஒருவர்,
தென்காசி