இரவல் மைக்

செங்காங், சிங்கப்பூர்

அன்புள்ள கலா,

உன் நீண்ட மின்னஞ்சல் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல்லு என்று உனக்கு உத்தரவு வந்திருக்கிறது. இங்கே எல்லோரும் நலம். பெரியவன் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டான். வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் காதில் எதையோ மாட்டிக்கொண்டு திரிகிறான். சாப்பிடக் கூப்பிட்டால்கூட மெசேஜ்தான் அனுப்ப வேண்டும்.

மருத்துவ ஆலோசனைச் செயலியில் குரல் பகுதியை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அனுதாபங்கள். நானும் அதே கிணற்றில்தான் கிடக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காணாமல் போன நாலு நிமிஷம். டாக்டர் பேசியது பதினைந்து நிமிஷம், பதிவான கோப்பும் பதினைந்து நிமிஷ நீளம், நடுவில் மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை, செயலி தன் நடப்பை எழுதி வைக்கிற லாகில் ஒரு எரர்கூட இல்லை. உங்கள் பையன் "போனில் மைக் கோளாறு" என்று புகார் டிக்கெட்டை மூடிவிட்டான், இல்லையா? அந்தக் கோப்பை ஆடாசிட்டி என்கிற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து, அந்த இடத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார். மைக் கோளாறு என்றால் ஏதாவது ஒரு இரைச்சல் மெல்லிய ரோமம் போல நீட்டிக்கொண்டிருக்கும். அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி சுத்தமான பூஜ்யமாக இருந்தால், அது போன் வேண்டுமென்றே கொடுத்த பூஜ்யம்.

மைக் நம்முடையது இல்லை கலா. கல்யாணத்துக்கு வாங்கிப் போட்டுக்கொண்ட இரவல் நகை மாதிரிதான் அது, சொந்தக்காரர் எந்த நேரமும் திருப்பிக் கேட்கலாம். ஆண்ட்ராய்டு இன்னும் ஒரு படி மேலே போய், எடுத்துக்கொண்டதைக்கூடச் சொல்லாது. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9இலிருந்து, பின்னணியில் சும்மா கிடக்கிற செயலிக்கு மைக் கிடையாது. ஆண்ட்ராய்டு 10இல் இரண்டு செயலிகள் ஒரே நேரத்தில் மைக்கைக் கேட்டால் யாருக்கு முன்னுரிமை என்று விதி வந்தது. சாதாரண போன் அழைப்பு நடக்கிறபோது குரல் அழைப்புக்குத்தான் போகும், உன் ரெக்கார்டிங்குக்குப் பூஜ்யம்தான். ஆண்ட்ராய்டு 12இல் மேலிருந்து இழுக்கிற பலகையிலேயே மைக்கை அணைக்கிற பட்டன் வந்துவிட்டது. யாராவது அதைத் தெரியாமல் தட்டியிருந்தாலும் இதே கதைதான். உன் நிரல் அது பாட்டுக்கு மைக்கிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும், பைட்டுகள் வந்துகொண்டே இருக்கும், கோப்பு வளர்ந்துகொண்டே இருக்கும். அந்த டாக்டருக்கு நடுவில் வேறு அழைப்பு வந்திருக்கும் என்பது என் ஊகம். கேட்டுப் பார்.

இதற்கு வழி இருக்கிறது. உன் ரெக்கார்டிங் ஊமையாக்கப்பட்டிருக்கிறதா என்று ஆண்ட்ராய்டு 10இலிருந்து சிஸ்டத்தையே கேட்கலாம், நிலை மாறும்போது அதுவே கூப்பிட்டுச் சொல்லும். சொன்ன உடனே திரையில் சிவப்பாக "உங்கள் குரல் போகவில்லை" என்று காட்டு. லாகில் எழுதி என்ன பயன், டாக்டர் லாகையா படிக்கப் போகிறார்? திரை அணைந்த பிறகும் பேச்சு தொடர வேண்டுமென்றால் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் வேண்டும் (அறிவிப்புப் பலகையில் தெரிந்தபடி ஓடிக்கொண்டே இருக்கிற பகுதி), அதில் மைக்ரோஃபோன் வகை என்று அறிவித்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 14இல் அதற்கென்று தனி அனுமதி வரியும் சேர்ந்துவிட்டது. இன்னொன்று: அந்தச் சர்வீஸைச் செயலி கண்ணெதிரே திறந்திருக்கும்போதே தொடங்கிவிடு, பின்னணிக்குப் போன பிறகு தொடங்கினால் மைக் கிடைக்காது.

ஐபோன் இந்த விஷயத்தில் பரவாயில்லை. இடையூறு வந்தது, முடிந்தது என்று அறிவிப்பு அனுப்பும். ஆனால் "வந்தது" என்று சொன்னதெல்லாம் "முடிந்தது" என்றும் சொல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. அந்த இரண்டாவது அறிவிப்புக்காகக் காத்திருக்காதே. செயலி திரும்ப முன்னுக்கு வரும்போது நீயே ஆடியோ செஷனை, அதாவது மைக்கையும் ஸ்பீக்கரையும் போன் உனக்குக் கொடுத்திருக்கிற இணைப்பை, சரிபார்த்துக்கொள். செயலியின் அழைப்பை ஐபோனின் சொந்த அழைப்புத் திரையில் காட்டுகிற கால்கிட் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. இணைய அழைப்பு வருகிறது என்று எழுப்புகிற விஓஐபி புஷ் வந்தால் தாமதிக்காமல் அழைப்பைக் காட்டிவிட வேண்டும், இல்லையென்றால் ஐஓஎஸ் 13இலிருந்து செயலியையே கொன்றுவிடும். ஆடியோவை, செஷனைத் திறந்துவிட்டேன் என்று கால்கிட் சொன்ன பிறகு தொடங்கு, அதற்கு முன்னால் வேண்டாம்.

அப்புறம் அந்த இயர்பட்ஸ் புகார். "பாட்டு அருமையாகக் கேட்கிறது, டாக்டரிடம் பேசினால் மட்டும் படுமோசம், உங்கள் செயலி சரியில்லை" என்று எழுதினாரே ஒருவர். எனக்கும் வாரம் தவறாமல் இதே புகார் வருகிறது. பாவம், செயலி என்ன செய்யும்? பாட்டுக்கு புளூடூத்தில் ஒரு வழி இருக்கிறது, ஏ2டிபி. அது நல்ல அகலமான பாதை, ஆனால் ஒரு திசையில்தான் போகும். மைக்கும் வேண்டும் என்றவுடன் போன் ஹெச்எஃப்பி என்கிற, இரண்டு திசையிலும் போகிற குறுகலான பாதைக்கு மாறிவிடும். அங்கே ஒலியைச் சுருக்கி அனுப்புகிற கோடெக் பழையது என்றால் ஒலியை அளந்தெடுப்பது நொடிக்கு 8,000 மாதிரிகள், சற்றே புதியது என்றால் 16,000. 8,000 மாதிரியில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிற ஒலி எதுவும் நிற்காது. "ஸ" என்கிற சீறல் முக்கால்வாசி அதற்கு மேலேதான் இருக்கிறது. அதனால்தான் நோயாளி மருந்துப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது "எஸ்"ஸா "எஃப்"ஆ என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்கிறார். புளூடூத்தின் புதிய ஒலி முறையான எல்இ ஆடியோ பரவினால் இந்தத் தொல்லை தீரும். அதுவரை, இயர்பட்ஸை ஒலிக்கு வைத்துக்கொண்டு மைக்கை மட்டும் போனிலிருந்து எடுக்கிற வசதியைச் செயலிக்குள் கொடுத்துப் பார். போனைக் கையில் வைத்துப் பேசுகிறவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும்.

உனக்கு நேரடியாகத் தேவைப்படாத ஒன்றையும் எழுதுகிறேன், நீ வாய்ப்பாட்டு படித்தவள், ரசிப்பாய். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒரு மாமி பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். கோவிட் சமயத்தில் ஆன்லைனுக்குப் போன வகுப்பு, இன்னமும் பாதி அங்கேயேதான். ஜூரோங்கில் இரண்டு பிள்ளைகள், மெல்பர்னில் ஒன்று. மின்தூக்கியில் என்னைப் பார்த்தபோது பிடித்துக்கொண்டார்: "சுருதிப் பெட்டி இரண்டு விநாடி கேக்குதாம், அப்புறம் காணாமப் போயிடுதாம். நான் பாட ஆரம்பிச்சா மறுபடி வருதாம். என்னம்மா இது?" சத்தத்தைக் குறைக்கிற நிரல் எது ஒரே மாதிரி நீடிக்கிறதோ அதை ஃபேன், ஏசி என்று கணக்குப் போட்டுத் துடைத்துவிடும். தம்புரா ஒலியைவிட ஒரே மாதிரி நீடிப்பது வேறு என்ன இருக்கிறது? கார்வை கொடுத்து ஒரு ஸ்வரத்தை நீட்டி நிறுத்தினால் அதையும் தேய்த்துவிடுகிறது. எம்ஆர்டி ரயிலில் நின்று பேசுகிறவருக்கு அதே நிரல்தான் தெய்வம். வடகிழக்கு வழித்தடம் முழுக்கச் சுரங்கம், அந்த இரைச்சலில் அது இல்லாமல் பேசவே முடியாது.

அதனால் எங்கள் செயலியில் "பாட்டு" என்று ஒரு பட்டன் வைத்தோம். தட்டினால் இரைச்சல் நீக்கமும் தானாக ஒலியைக் கூட்டிக் குறைப்பதும் நின்றுவிடும். ஹெட்போன் போடச் சொல்லும், ஏனென்றால் எதிரொலி நீக்கத்தையும் நிறுத்துகிறோம். ஓபஸ் கோடெக் பேச்சு வகையிலிருந்து இசை வகைக்கு மாறும். அது நொடிக்கு 6 கிலோபிட்டிலிருந்து 510 வரை போகக்கூடியது, நாம் பேச்சுக்கு அதன் அடிமட்டத்தையே சுரண்டிக்கொண்டிருக்கிறோம். நாலு பேருக்காக ஒரு பட்டனா என்று ஒரு கூட்டத்தில் முணுமுணுத்தார்கள். சண்டை போட்டுத்தான் வாங்கினேன். மாமி இப்போது மின்தூக்கியில் பார்த்தால் அதிரசம் தருகிறார்.

கடைசியாக, உங்கள் நிர்வாகம் கேட்கிற அழைப்புப் பதிவு. சாதாரண போன் அழைப்பைப் பதிவு செய்கிறோம் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதேடி. ஆண்ட்ராய்டில் அழைப்பின் இரு பக்க ஒலியும் சிஸ்டம் செயலிக்குத்தான் கிடைக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான ஆக்சஸிபிலிட்டி வசதி வழியாகக் குறுக்கே புகுந்தவர்களுக்கும் 2022 மே மாதம் கூகுள் பிளே கதவை மூடிவிட்டது. ஐபோனில் ஐஓஎஸ் 18.1இலிருந்து போனே பதிவு செய்யும், இரண்டு பக்கத்துக்கும் கேட்கும்படி அறிவித்துவிட்டு. வெளிச் செயலிகளுக்கு அந்த வாசல் இல்லை. உங்கள் செயலிக்குள் நடக்கிற அழைப்பு என்றால் வேறு விஷயம், இரண்டு குரலும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. ஆனால் பேசுவது நோயாளி. இங்கே 2012 முதல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, உங்கள் இந்தியாவிலும் 2023இல் ஒன்று வந்திருக்கிறது. சட்டத்தை விடு, வயிற்று வலியைச் சொல்ல வந்தவரிடம் பதிவாகிறது என்று முன்கூட்டிச் சொல்லிக் கேட்பதுதானே முறை? வேண்டாம் என்றால் பதிவில்லாமலும் டாக்டரிடம் பேச வழி இருக்க வேண்டும். நிர்வாகம் முறைத்தால் என் பெயரைச் சொல்லு.

மைக் அனுமதியைச் செயலி திறந்தவுடனே கேட்காதே, அழைப்புப் பட்டனைத் தட்டும்போது கேள். ஐபோன் ஒரு முறைதான் கேட்கவிடும், ஆண்ட்ராய்டு 11இலிருந்து இரண்டு முறை மறுத்தால் அவ்வளவுதான். ஐபோனில் ஏன் கேட்கிறோம் என்கிற வரியைத் தமிழிலும் போடலாம், போடு.

அந்தப் பதினைந்து நிமிஷக் கோப்பில் குரலை நீக்கிவிட்டு, நேரக்குறிப்பும் ஆண்ட்ராய்டு பதிப்பும் மட்டும் எனக்கு அனுப்பு. சனிக்கிழமை மாலை கூப்பிடுகிறேன், இயர்பட்ஸ் போடாமல் எடு.

அன்புடன்,
ரேவதி