டொமைன் பெயர் வாங்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வலைத்தளம் செய்யச் சொல்லி வருபவர்களில் பலர், "டொமைனையும் நீங்களே வாங்கிப் போட்டுவிடுங்களேன்" என்கிறார்கள். டொமைன் என்றால் உங்கள் தளத்தைத் திறக்க அடிக்கும் இணைய முகவரிப் பெயர். வாங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிறோம். ஆனால் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கணக்கில்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறோம். அதற்குக் காரணம் இருக்கிறது.

முன்பு ஒருவர் பழைய தளத்தை மாற்றித் தரச் சொல்லி வந்தார். டொமைன் கணக்கைக் கேட்டால், அது முதலில் தளம் செய்து கொடுத்தவரின் மின்னஞ்சலில் இருந்தது. அந்த ஆளோ தொழிலையே விட்டுவிட்டார், ஃபோனையும் எடுப்பதில்லை. பணம் கட்டியது இவர், ரசீதும் இவர் கையில். ஆனால் பதிவில் உரிமையாளர் என்ற இடத்தில் இருந்தது அவர் பெயர். கடைசியில் வேறு டொமைன் எடுத்து, பெயர்ப்பலகையிலிருந்து பில் புத்தகம் வரை எல்லாவற்றையும் மாற்றி அச்சடித்தார்.

அப்புறம், 'வாங்குவது' என்று நாம் சொல்கிறோமே தவிர, டொமைன் யாருக்கும் நிரந்தரமாகச் சொந்தமாவதில்லை. வாடகை வீடு மாதிரிதான். டாட் காம் என்றால் ஒரு நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குப் பதிந்து வைக்கலாம். அந்தப் பெயர்களின் மூலப் பதிவேட்டை வைத்திருப்பது வெரிசைன் நிறுவனம். நீங்கள் பணம் கட்டுவது ரெஜிஸ்ட்ரார் என்கிற இடைநிலை விற்பனையாளருக்கு. அவர்களில் பலர் முதல் ஆண்டுக்கு அடிமாட்டு விலை சொல்லி, இரண்டாம் ஆண்டு முதல் பல மடங்கு கேட்பார்கள். பெரிய எழுத்தில் இருக்கும் விலையை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் புதுப்பிப்புக் கட்டணத்தைப் பாருங்கள். ஹோஸ்டிங்கோடு, அதாவது தளத்தின் கோப்புகளை வைக்க வாடகைக்கு எடுக்கும் இடத்தோடு, டொமைன் இலவசம் என்றாலும் இதே கேள்விதான்: அடுத்த வருடம் எவ்வளவு?

பெயரைத் தேர்ந்தெடுப்பதில்தான் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். கடைக்குத் 'தாழம்பூ' என்று பெயர் வைக்கிறீர்கள். ஆங்கில எழுத்தில் எப்படி அடிப்பீர்கள்? 'த'வுக்கு வெறும் டி போதுமா, எச் சேர்க்கணுமா? 'ஆ'வுக்கு ஒரு ஏ-யா, இரண்டா? 'ழ'வுக்கு இசட் எச் என்பார் ஒருவர், எல் போதும் என்பார் இன்னொருவர். 'பூ'வுக்கு இரண்டு ஓ-வா, ஒரு யூ-வா? நான்கு இடம், இடத்துக்கு இரண்டு வழி, மொத்தம் 16 விதம். வாடிக்கையாளர் அதில் எதை அடிப்பார்? அதனால் பெயரைத் தாளில் எழுதிப் பார்த்து ரசிப்பதோடு நிறுத்தாதீர்கள். யாருக்காவது ஃபோனில் ஒரே ஒரு தடவை சொல்லி, அடித்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்று பேர் மூன்று விதமாக அனுப்பினால் அந்தப் பெயர் வேண்டாம். அதை விட மனசில்லை என்றால், அதிகம் வந்த இரண்டு எழுத்துக்கூட்டலையும் பதிந்து, ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடலாம்.

ஒரு பெயரில் 63 எழுத்து வரை இடமுண்டு என்பதற்காக யாரும் அவ்வளவு நீளம் போக வேண்டியதில்லை. நடுவில் கோடு போட்ட பெயர் எங்களுக்குப் பிடிக்காது. சொல்லும்போது அந்தக் கோடு எப்போதும் விட்டுப்போகும். தமிழ் எழுத்திலேயே டொமைன் வாங்க முடியுமா என்றால், முடியும். ஆனால் உள்ளுக்குள் அது ஆங்கில எழுத்துக் குறியீடாக மாறித்தான் வேலை செய்கிறது. சில இடங்களில் அந்தக் குறியீடு அப்படியே வெளியே தெரியும். மின்னஞ்சல் முகவரிக்கும் எல்லா இடத்திலும் சரிவராது. ஆசைக்கு இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதிந்ததும் மின்னஞ்சலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு கடிதம் வரும். குப்பை அஞ்சலில் கிடந்தாலும் தேடி எடுத்து, அதிலிருக்கும் இணைப்பை அழுத்திவிடுங்கள். 15 நாளுக்குள் செய்யாவிட்டால் தளம் முடங்கலாம்.

புதுப்பிக்க மறப்பது பெரியவர்களுக்கும் நடக்கும். 1999 டிசம்பரில் மைக்ரோசாப்ட், தன் ஹாட்மெயில் மின்னஞ்சலுக்குள் நுழையப் பயன்பட்ட பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்க மறந்து, ஹாட்மெயில் பயனர்கள் பலர் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். வெளியாள் ஒருவர் தன் கைக்காசு 35 டாலரைக் கட்டிச் சரிசெய்தார். எல்லோருக்கும் அப்படி ஒருவர் கிடைப்பாரா? டாட் காம் பெயர் காலாவதியானால், ரெஜிஸ்ட்ரார் தரும் சலுகை நாட்கள் முடிந்ததும், 30 நாள் மீட்புக் காலம் தொடங்கும். அதற்குள் திரும்பப் பெறலாம், ஆனால் தனியாக ஒரு தொகை கேட்பார்கள். அதுவும் போனால் 5 நாளில் பெயர் அழிந்து, முந்துகிறவருக்குப் போய்விடும். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவிட்டு, கார்டு மாறும்போது அங்கேயும் மாற்றுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

வேலையைத் தொடங்க வரும்போது மூன்று பெயர்களோடும், நீங்கள் தினமும் திறந்து பார்க்கும் ஒரு மின்னஞ்சலோடும் வாருங்கள். கடவுச்சொல்லை எங்களுக்குச் சொல்ல வேண்டாம், நீங்களே அடித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் வலைத்தள வடிவமைப்புக் குழு