டிஜிற்றல் ஒளிபரப்பு கொக்காவிலோடு நின்றுவிடக் கூடாது: ஒரு திறந்த மடல்

இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவினருக்கும் வெகுசன ஊடக அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

மதிப்பிற்குரியீர்,

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுன்னாகத்தில் முப்பது வருடங்களுக்கு மேலாக வானொலியும் தொலைக்காட்சியும் திருத்திப் பிழைத்து வருபவன் நான். குடாநாட்டில் மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளின் முற்பகுதியில், சைக்கிள் டைனமோவில் வானொலியை ஓட்டிக் கேட்ட நாட்களில் இத்தொழிலைப் பழகியவன். தரைவழித் தொலைக்காட்சிக்கு ஜப்பானிய டிஜிற்றல் முறையை நாடு 2014 இல் தெரிவுசெய்தது. அந்த மாற்றம் நிறைவேறும் நாளில், இங்கு கூரையில் ஓர் அன்ரனா வைத்திருப்பவர் எவரும் மாதக் கட்டணம் எதுவுமின்றித் தெளிவான படத்தைப் பெற வேண்டுமானால், வடக்கின் ஒளிபரப்புக் கோபுரம் நிற்கும் கொக்காவில் மட்டும் போதாது, அலையை வாங்கித் திரும்ப ஒளிபரப்பும் ஒரு டிஜிற்றல் அஞ்சல் நிலையம் குடாநாட்டுக்குள்ளேயே அமைய வேண்டும். இதைக் கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

அண்மையில் வயதான ஓர் அம்மா, ‘எச்.டி. அன்ரனா’, அதாவது உயர்தெளிவுப் படத்துக்கான அன்ரனா, என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, “தம்பி, இதைப் பூட்டின பிறகும் முந்தின மாதிரித்தான் புள்ளி புள்ளியாத் தெரியுது” என்றார். அவருக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்லலாம். அன்ரனா என்பது அளந்து வெட்டிய உலோகக் கம்பிகள்தான். 500 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 60 சென்ரிமீற்றர், அதைப் பிடிக்கும் கம்பி ஏறக்குறைய அதில் பாதி. வருகின்ற அலையில் பழைய அனலொக் படம் இருக்கிறதா, டிஜிற்றல் படம் இருக்கிறதா என்பது கம்பிக்குத் தெரியாது. 1926 இல் யாகி, உடா என்ற இரு ஜப்பானியர்கள் உருவாக்கிய மீன்முள் வடிவ அன்ரனாவே இன்றைக்கும் உயர்தெளிவுப் படத்துக்குப் போதும். குறை ஒளிபரப்பில் இருக்கிறது. நமக்கு அன்ரனா வழியே வருவது 625 வரிகள் கொண்ட பழைய அனலொக் படம். உயர்தெளிவுப் படத்திலோ கண்ணுக்குத் தெரியும் வரிகள் மட்டுமே 1080 வரை இருக்கும். இல்லாத ஒன்றைப் பிடித்துத் தருவதாகச் சொல்லி அந்தப் பெட்டியை அவருக்கு விற்றிருக்கிறார்கள்.

இப்படி எழுதுவதால் யாழ்ப்பாணத்தாருக்கு அன்ரனா புதிது என்று எண்ணிவிட வேண்டாம். எண்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் வீட்டில் மூன்று இரும்புக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, நான்கு பக்கமும் இழுகம்பி கட்டி, உச்சியில் அலையைப் பெருக்கும் பூஸ்ரர் பூட்டி ஐயா நிறுத்திய அன்ரனா, முற்றத்துக் கமுகுகளையும் விஞ்சி நின்றது. அவர் கீழே நின்று குழாயைத் திருக, யன்னலடியில் நின்று “வருகுது, வருகுது... ஐயோ, போட்டுது!” என்று குரல் கொடுப்பது என் வேலை. ஏறக்குறைய 280 கிலோமீற்றருக்கு அப்பால், கொடைக்கானல் மலையிலிருந்து வந்த தூரதர்ஷனைத்தான் அப்படித் தேடினோம். காற்றில்லாத வெக்கையான இரவுகளில் கடலுக்கு மேலே படிந்த காற்றடுக்குகள் அலையை வளைத்துக் கொண்டுவர, படம் கண்ணாடிபோல் நிற்கும். மறுநாள் காலையில் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். அந்தக் காலத்தில் அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. வந்தால் பார்த்தோம், வராவிட்டால் நித்திரைக்குப் போனோம்.

ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் இருக்கும் என் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தபோது அதே காட்சியை வேறு விதமாகக் கண்டேன். கனடாவின் பெருநகரங்களில் 2011 ஓகஸ்ட் 31 உடன் அனலொக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. தங்கையின் மகன் யன்னலோரத்தில் ஒரு சிறிய அன்ரனாவை ஒட்டி, தொலைக்காட்சியில் தேடல் பொத்தானை அழுத்தினான். 553 மீற்றர் உயரமான சி.என். கோபுரத்திலிருந்து வரும் உள்ளூர் அலைவரிசைகள் உயர்தெளிவில் வரிசையாக வந்து நின்றன. ஏரிக்கு அப்பால் அமெரிக்காவின் பஃபலோ நகர அலைவரிசைகளும் கூடவே வந்தன. “இதுக்கு மாதம் எவ்வளவு?” என்று கேட்டேன். “ஒண்டுமில்லை மாமா, அன்ரனா வாங்கின காசு மட்டுந்தான்” என்றான். தண்ணீருக்கு அப்பாலுள்ள நாட்டின் படத்தைப் பிடிப்பது எங்கள் குடும்பத்துக்கு ஒட்டுவாரொட்டி வியாதி போலும்!

இனி விடயத்துக்கு வருகிறேன். வடக்குக்கான உயர்ந்த ஒளிபரப்புக் கோபுரம் 2011 இல் கொக்காவிலில் திறக்கப்பட்ட 174 மீற்றர் கோபுரம். இந்த உயரத்துக்கும், நம் கூரைகளில் வழமையாக நிற்கும் 30 அடிக் குழாய்க்கும் பூமியின் வளைவைக் கணித்துப் பார்த்தால், அலை நேரே வந்து சேரக்கூடிய தூரம் ஏறக்குறைய 67 கிலோமீற்றர். கொக்காவிலில் இருந்து யாழ் நகரம் நேர்கோட்டில் 60 கிலோமீற்றரை ஒட்டியது. காரைநகரும் நெடுந்தீவும் 75 கிலோமீற்றருக்கும் அப்பால். அதாவது நகரம் விளிம்பிலும், தீவுப்பகுதி விளிம்புக்கு வெளியேயும் இருக்கின்றன. காகிதத்தில் வட்டம் வரைந்து யாழ் மாவட்டமும் அடக்கம் என்று குறித்துவிடுவது எளிது. அந்த வட்டத்தின் ஓரத்தில் இருக்கும் வீட்டுக்குத்தான் நான் ஏணியோடு போக வேண்டியிருக்கிறது.

அனலொக்கில் விளிம்பு என்பது ஓரளவு பொறுக்கக்கூடியது, ஏனெனில் அலை மெலிய மெலியப் புள்ளிகள் கூடும், நிழல் விழும், ஆனாலும் செய்தி வாசிப்பவரின் முகமும் குரலும் தெரியும். டிஜிற்றலில் அந்த இரக்கம் இல்லை. ஒரு மட்டம் வரை படம் பளிச்சென்று இருக்கும், அதற்குக் கீழே சிறிது இறங்கினால் கட்டம் கட்டமாக உடைந்து திரை கறுத்துவிடும். எங்கள் கடற்காற்றையும் கணக்கில் எடுங்கள். உப்புப் பட்டு இரண்டு மழைக்காலத்துக்குள் அலுமினியக் கம்பிகள் வெள்ளைப் பொடி பூக்கின்றன, வயரின் செப்பு நடுக்கம்பி பச்சை பிடித்துப்போகிறது. புதிய அன்ரனாவில் மயிரிழையில் கிடைக்கும் அலை, மூன்றாம் வருடம் கிடைக்காது. இன்று புள்ளி புள்ளியாகவேனும் நேத்ரா, வசந்தம் ஆகிய தமிழ் அலைவரிசைகளைப் பார்க்கும் வீடு, டிஜிற்றல் வந்த அன்று ஒன்றையும் பார்க்க முடியாமல் போனால், அந்த வீட்டார் கேபிளுக்கோ டிஷ்ஷுக்கோ மாதாமாதம் காசு கட்டத்தான் வேண்டும்.

தீர்வு கடினமானதன்று. நீங்கள் தெரிவுசெய்த ஜப்பானிய முறையில், பல அஞ்சல் நிலையங்கள் ஒரே அலையெண்ணில் ஒன்றையொன்று கெடுக்காமல் ஒளிபரப்ப முடியும். ஆகவே புதிய அலையெண்ணைத் தேடி அலையாமலே குடாநாட்டில் ஒரு நிலையத்தையும், தீவுப்பகுதிக்கு ஒரு சிறு நிலையத்தையும் கொக்காவிலோடு இணைக்கலாம். கொழும்பில் ஏறக்குறைய 350 மீற்றருக்குத் தாமரைக் கோபுரம் எழுப்பிய நாட்டுக்கு இது பெரிய சுமையாகத் தெரியவில்லை.

படம் பார்க்கும் சுகத்துக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. அதே ஜப்பானிய முறையில், ரிமோட்டால் அணைத்து வைத்திருக்கும் தொலைக்காட்சிப் பெட்டியையும் தானாக எழுப்பி ஆபத்து அறிவித்தலைக் காட்டும் வசதி உண்டு. ஆழிப்பேரலை வந்த 2004 டிசம்பர் 26 காலையில் வடமராட்சி கிழக்குக் கரையோரத்துக்கு முன்கூட்டி ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. பழைய தொலைக்காட்சியில் டிஜிற்றல் படத்தைக் காட்டும் செற் ரொப் பெட்டிகளில் இந்த வசதி இல்லாதவற்றை இறக்குமதிக்கு அனுமதிக்காதீர்கள். அறிவித்தல் தமிழிலும் அதே கணத்தில் வர வேண்டும் என்பதையும் விதியாகவே எழுதிவையுங்கள்.

இன்னொன்று, தொலைக்காட்சிப் பெட்டிகள் பற்றியது. வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பெட்டிகள் பல, அந்தந்த நாட்டு முறைக்குரியவை. கனடாவில் வாங்கியது அமெரிக்க முறை, இலண்டனில் வாங்கியது ஐரோப்பிய முறை, இரண்டுமே ஜப்பானிய ஒளிபரப்பைத் தாமாகப் பிடிக்கா. கடைகளில் இப்போது விற்கப்படும் பெட்டிகளில் எது நாளைக்கு உதவும் என்று வாங்குபவர் அறிந்துகொள்ள, மும்மொழியிலும் ஒரு முத்திரையை இன்றே கட்டாயமாக்குங்கள். இல்லாவிட்டால் அந்த அம்மாவைப்போல் ஆயிரம் பேருக்கு நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அலையின் வலிமையை அளக்க உங்கள் பொறியியலாளர்கள் வருவார்களானால், கோடை இரவில் வராமல் மார்கழி மழையில் வரட்டும், யாழ் நகரத்தோடு நின்றுவிடாமல் நெடுந்தீவுக்கும் வள்ளம் ஏறட்டும். சுன்னாகத்தில் அளப்பதற்கு என் கடைக் கூரையையும் ஏணியையும் தருகிறேன். குழாயைத் திருக ஓர் ஆளும் இருக்கிறார்.

இப்படிக்கு,
சுன்னாகத்திலிருந்து ஒரு தொலைக்காட்சி திருத்துநர்