பொருள்: எல்சிடி டிஸ்ப்ளேயுடன் வந்த தாளில் தவறான ஐ2சி முகவரி

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்களிடம் 16×2 எல்சிடி ஒன்று வாங்கினேன். பின்பக்கம் ஐ2சி அட்டை (இரண்டே கம்பியில் தகவலை வாங்கி எல்சிடிக்குக் கொடுப்பது) பொருத்தியே வரும் வகை. டிஸ்ப்ளேயில் குறை இல்லை. கூடவே வந்த தாளில்தான் கோளாறு.

நான் பயன்படுத்துவது ஏடிடைனி85 என்ற சிறிய மைக்ரோகன்ட்ரோலர் சிப். மொத்தமே 8 பின். மின்சாரத்துக்கு 2, ரீசெட்டுக்கு 1 போக மிஞ்சுவது 5. எல்சிடியை நேரடியாக 4 பிட் முறையில் இணைத்தாலே 6 பின் வேண்டும். அதனால்தான் கூடுதல் காசு கொடுத்து ஐ2சி அட்டையோடு வாங்கினேன். டிஸ்ப்ளேவுக்கு 2 போதும், மீதி 3 பின்னில் சென்சார், பட்டன், பஸ்ஸர் என்பது என் கணக்கு.

அந்த அட்டையை அழைக்க வேண்டிய முகவரி ஹெக்ஸ் 27 (பதினாறடிமான எண்) என்று தாளில் இருந்தது. நம்பி அதையே நிரலில் எழுதினேன். பின்விளக்கு எரிந்தது, மேல் வரியில் கட்டம் கட்டமாக நின்றது, ஓர் எழுத்துகூட வரவில்லை. மூன்று இரவுகள். சாலிடரைத் திரும்பச் சூடாக்கினேன், புல்அப் ரெசிஸ்டரை மாற்றினேன், லைப்ரரியை மாற்றினேன், சிப்தான் போய்விட்டதோ என்று இன்னொரு ஏடிடைனியையும் போட்டுப் பார்த்தேன்.

உங்களுக்கு எழுதியபோது, "கான்ட்ராஸ்ட் திருகைத் திருப்புங்கள்" என்றீர்கள். கட்டம் பளிச்சென்று தெரிகிறது என்று எழுதியவனுக்கு இதுவா பதில்? எல்சிடிக்குத் தொடக்கக் கட்டளையே போய்ச் சேரவில்லை என்பதல்லவா அதன் பொருள்!

கடைசியில் நண்பரிடம் அர்டுயினோ ஊனோ போர்டை இரவல் வாங்கி, முகவரியைத் தேடிச் சொல்லும் ஐ2சி ஸ்கேனர் நிரலை ஓட்டினேன். (ஏடிடைனியில் கணினிக்குத் தகவல் அனுப்பும் சீரியல் போர்ட் கிடையாது, முகவரியைக் கண்டுபிடித்தாலும் சொல்ல அதற்கு வாய் இல்லை.) உடனே 3எஃப் என்று வந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஐ2சி அட்டையில் உள்ள சிப்பின் மேல் பிசிஎஃப்8574ஏ என்று இருக்கிறது. தாளிலோ வெறும் பிசிஎஃப்8574.

சரி, இதையாவது ஒப்புக்கொள்வீர்கள் என்று பார்த்தால், "ஏ0, ஏ1, ஏ2 பேடுகளைச் சாலிடர் செய்தால் 27 ஆகிவிடும்" என்று அடுத்த பதில். (முகவரியை மாற்ற அட்டையில் இருக்கும் இணைப்புப் புள்ளிகள் அவை.) ஆகாது. 'ஏ' இல்லாத சிப்புக்கு 20 முதல் 27 வரை, 'ஏ' உள்ளதற்கு 38 முதல் 3எஃப் வரை. பேடுகளை எப்படி இணைத்தாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது.

முகவரியை மாற்றியதும் டிஸ்ப்ளே வேலை செய்கிறது. பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். தாளையும் விற்பனைப் பக்கத்தையும் திருத்துங்கள். இரண்டு சிப்பும் கலந்து வருமானால் இரண்டு முகவரியையும் போடுங்கள். பேடு பற்றிய அந்த ஆலோசனையை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். திருத்தியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்