காலி நாற்காலியிடம் கேள்வி கேட்டு என்ன பயன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அமைச்சரானாலும் அதிகாரியானாலும் அங்கே குழுவின் முன் வந்து உட்கார்ந்து பதில் சொல்லியே தீர வேண்டும், நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று கட்டுரையாளர் ஏங்கியிருக்கிறார். வந்து உட்காருகிறார்கள், சரி. பதில் சொல்கிறார்களா என்பதைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருக்கலாம்.

கீழமை நீதிமன்றங்களில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டி, சிரஸ்தாராக (நீதிமன்றத் தலைமை எழுத்தர்) ஓய்வு பெற்றவன் நான். 2019இல் பேரனைப் பார்த்துக்கொள்ள நியூஜெர்ஸியில் மகள் வீட்டில் இருந்தேன். அந்த வருடம் மே 1ஆம் தேதி, அங்கே நீதித்துறைக்குப் பொறுப்பான அமைச்சர், அதாவது அட்டர்னி ஜெனரல், வில்லியம் பார், மேலவையான செனட்டின் நீதித்துறைக் குழு முன் ஆஜரானதை, பேரன் விழித்து அழுத நேரம் போக, முழுவதும் டிவியில் பார்த்தேன். சாட்சி எந்த இடத்தில் பதில் சொல்கிறார், எந்த இடத்தில் கேள்வியையே பதம் பிரித்துக்கொண்டு நிற்கிறார் என்பது எங்களுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

விஷயம் இதுதான். 2016 தேர்தலில் ரஷ்யத் தலையீடு பற்றி விசாரிக்க 2017 மே மாதம் ராபர்ட் முல்லர் சிறப்பு விசாரணையாளராக நியமிக்கப்பட்டார். 2019 மார்ச் 22, வெள்ளிக்கிழமை, அறிக்கையை அட்டர்னி ஜெனரலிடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமையே பார் நாடாளுமன்றத்துக்கு நான்கு பக்கக் கடிதம் அனுப்பிவிட்டார். ரஷ்யாவுடன் சதி செய்தது நிரூபணமாகவில்லை, விசாரணைக்கு இடையூறு செய்தார் என்று அதிபர் டிரம்ப் மீது குற்றம் சாட்டவும் ஆதாரம் போதாது என்றது கடிதம். இரண்டாவது முடிவு முல்லருடையது அல்ல, பாருடையது. முல்லர் அதில் குற்றம் என்றும் சொல்லவில்லை, குற்றமற்றவர் என்றும் சொல்லவில்லை. 448 பக்க மூலம், ஆங்காங்கே கறுப்பு மை பூசி, ஏப்ரல் 18 அன்றுதான் வெளியே வந்தது. இடையில் 25 நாள் ஊரெல்லாம் ஓடியது அந்த நான்கு பக்கம். தீர்ப்பு நகல் கைக்கு வருமுன்பே வக்கீல் குமாஸ்தா வாசலில் நின்று 'ஜெயிச்சிட்டோம்' என்று லட்டு கொடுத்துவிட்டால், பிறகு நகலை யார் படிக்கிறார்கள்?

சுருக்கம் தன் பணியின் சாரத்தை முழுமையாகக் காட்டவில்லை என்று முல்லரே மார்ச் 27இல் பாருக்கு எழுதியிருந்தார். ஏப்ரல் 10 அன்று செனட்டர் கிறிஸ் வான் ஹோலன், உங்கள் முடிவை முல்லர் ஆதரித்தாரா என்று கேட்டபோது, ஆதரித்தாரா என்று எனக்குத் தெரியாது என்றார் பார். முல்லரின் கடிதம் கைக்கு வந்து அப்போது இரண்டு வாரம் ஆகப்போகிறது. ஏப்ரல் 30 மாலை பத்திரிகை வழியாக அது வெளியே வந்தபின் அவர் சொன்ன சமாதானம்: அந்தக் கடிதம் என் முடிவைப் பற்றியதல்ல, அதை வெளியிட்ட விதத்தைப் பற்றியது. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் பொய் என்று பிடிக்க முடியாது. கெட்டிக்காரச் சாட்சி.

மே 1 அன்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இரண்டு இடங்களில். முல்லருடன் போனில் பேசியபோது யாராவது குறிப்பு எடுத்தார்களா என்று செனட்டர் புளூமென்தால் கேட்டார். எடுத்தார்கள். அதைத் தருவீர்களா? மாட்டேன். ஏன்? உங்களுக்கு எதற்குத் தர வேண்டும்? அவ்வளவுதான், நேரம் முடிந்தது, அடுத்தவர். பிறகு கமலா ஹாரிஸ். முடிவுக்கு வருமுன் அடிப்படை ஆதாரங்களை நீங்கள் பார்த்தீர்களா என்றார். இல்லை, அறிக்கையில் உள்ளதை அப்படியே ஏற்றுக்கொண்டோம் என்றார் பார். யார் மீதாவது விசாரணை தொடங்கும்படி வெள்ளை மாளிகையில் யாராவது கேட்டதோ, யோசனை சொன்னதோ உண்டா என்ற கேள்விக்கு, 'யோசனை' என்ற சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன் என்றார். (ஹாரிஸ் நம் துளசேந்திரபுரத்துக்காரரின் பேத்தி என்பதில் என் மகளுக்குப் பெருமை. எனக்கு அந்தக் குறுக்கு விசாரணையில்தான்.) ஆனால் அது முடிந்து அடுத்த நாள் விடிந்தபோது எதுவும் மாறியிருக்கவில்லை.

அடுத்த நாள் கீழவையான பிரதிநிதிகள் சபையின் குழுவுக்கு அவர் வரவே இல்லை. குழுவின் வக்கீல்கள் தன்னைக் கேள்வி கேட்பதற்கு ஆட்சேபம். மேசையில் பெயர்ப்பலகை, பின்னால் காலி நாற்காலி. ஒரு உறுப்பினர் வாளியில் பொரித்த கோழி கொண்டுவந்து அவையில் சாப்பிட்டார். அங்கே கோழி என்றால் கோழை என்று அர்த்தமாம், மகள் சொல்லித்தான் தெரியும். கேமராக்காரர்களுக்கு நல்ல வேட்டை. ஒரு வாரத்தில், மை பூசாத அறிக்கையைத் தராததற்காக அவர் மீது அவமதிப்புத் தீர்மானம் குழுவில் 24-16 என்று நிறைவேறியது.

அந்த அவமதிப்பு என்ன ஆகும் என்று பாருங்கள். வழக்குத் தொடர வேண்டியவர் வாஷிங்டன் அரசு வழக்கறிஞர். அவருக்கு மேலதிகாரி அட்டர்னி ஜெனரல். பிரதிவாதியின் ஆபீஸிலேயே மனுவைக் கொடுத்துவிட்டு வருவது போல! 2012இல் அப்போதைய அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் மீது முழு சபையும் 255-67 என்று தீர்மானம் போட்டது. 2019 ஜூலையில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விவகாரத்தில் இதே பார் மீது 230-198. 2024இல் அந்தப் பதவியில் இருந்த மெரிக் கார்லண்ட் மீது 216-207. அதுவும் ஒரு சிறப்பு விசாரணையில் பதிவான ஒலிநாடாவைத் தர மறுத்ததற்காக. ஜனநாயகக் கட்சியார் இருவர், குடியரசுக் கட்சி ஆட்சியில் ஒருவர். மூன்று முறையும் குற்றவழக்கு இல்லை. ஆகவே இதை ஒரு கட்சியின் கதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கட்டுரையாளர் தேடும் கண்காணிப்பு அங்கே உண்மையில் வேலை செய்தது 1973இல். அட்டர்னி ஜெனரலாக எலியட் ரிச்சர்ட்சனுக்கு ஒப்புதல் தருமுன், அதிபர் நிக்சன் ஆட்சியை உலுக்கிய வாட்டர்கேட் ஊழலை விசாரிக்கத் தனி வழக்கறிஞரை நியமித்து அவரைச் சுதந்திரமாக விடுவதாக செனட் அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டது. அக்டோபர் 20 அன்று, அந்த வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்கு என்று நிக்சன் உத்தரவிட்டபோது, ரிச்சர்ட்சன் பதவியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனார். செனட்டுக்குக் கொடுத்த வாக்கு அவர் கையைக் கட்டியிருந்தது. நாற்காலியில் உட்காருமுன் வாங்கியதால்தான் அதற்கு அந்த வலு.

பார் விஷயத்திலும் செனட்டுக்கு அந்த வாய்ப்பு இருந்தது. முல்லரின் இடையூறு விசாரணை சட்டப்படி தவறு என்று, யாரும் கேட்காமலே 2018 ஜூனில் 19 பக்கம் எழுதி நீதித்துறைக்கு அனுப்பியவர் அவர். ஒப்புதல் விசாரணையின்போது இது எல்லோருக்கும் தெரியும். அறிக்கையை முழுதாகத் தருவேன் என்ற உறுதியும் அவர் கொடுக்கவில்லை. சட்டம் இடம்கொடுக்கும் அளவுக்கு வெளிப்படையாக இருப்பேன் என்றார். 54-45 என்று ஒப்புதல் தந்து அனுப்பினார்கள். இல்லை என்றவர்கள் சிறுபான்மை, அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆம் என்ற 54 பேரைச் சொல்கிறேன்.

காகிதம் போகும் வழி இன்னொரு கோளாறு. 1998இல் அதிபர் கிளிண்டனை விசாரித்த கென்னத் ஸ்டார் தன் அறிக்கையைப் பெட்டி பெட்டியாக நேரே பிரதிநிதிகள் சபைக்கே அனுப்பினார். அதைப் பார்த்து இரு கட்சிகளும் அலுத்துப்போய் 1999இல் தனி விசாரணையாளருக்கு அந்த அதிகாரம் தந்த சட்டத்தைக் காலாவதியாக விட்டுவிட்டன. பிறகு வந்த விதிப்படி அறிக்கை அட்டர்னி ஜெனரலுக்கு மட்டும், அதுவும் ரகசியமாக. நான்கு பக்கக் கடிதத்துக்கு வாசல் திறந்தது அங்கேதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், குழுவுக்குக் கிடைக்காததில் கொஞ்சம், நம்மூர் தகவல் அறியும் உரிமை போன்ற அங்கத்திய சட்டத்தில் மனுப் போட்டவர்களுக்குக் கிடைத்தது. பார் தன் முடிவுக்கு ஆதாரமாகக் காட்டிய ஒன்பது பக்கக் குறிப்பை ஒரு தன்னார்வ அமைப்பு நீதிமன்றம் வரை போய் வாங்கியது. முழுதாக வெளியானது 2022 ஆகஸ்டில். பார் பதவி விலகி ஒன்றரை வருடத்துக்கு மேல் கழிந்திருந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரை முழுக்க 'அரசு தலைமை வழக்கறிஞர்' என்று போட்டிருக்கிறீர்கள். படிப்பவர்களுக்கு நம்மூர் அட்வகேட் ஜெனரல்தான் நினைவுக்கு வருவார். டெல்லியில் இருக்கும் அட்டர்னி ஜெனரல்கூட அமைச்சர் அல்ல. நாடாளுமன்றத்தில் பேசலாம், ஓட்டுப் போட முடியாது, சிபிஐ அவர் கையில் இல்லை. அமெரிக்காவிலோ அந்த ஆள் அமைச்சரவையில் இருப்பவர், எஃப்பிஐ அவர் துறைக்குள் வருகிறது. அட்டர்னி ஜெனரல் என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிரஸ்தார் ஒருவர்,
மதுரை.