ராக்ஹாம்ப்டனிலிருந்து மாமாவுக்கு

ராக்ஹாம்ப்டன், குயின்ஸ்லாந்து

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். போனில் நீங்கள் "ரத்தம் வடியிற இறைச்சியையா ஆளுகளுக்குக் கொடுக்கிறே?" என்று கேட்டபோது, நான் ஸ்டேக் (கனலில் சுட்ட கனமான மாட்டிறைச்சித் துண்டு) போடும் கடையில் கூட்டம், பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தட்டில் வடிவது ரத்தம் இல்லை மாமா. மாட்டை அறுக்கும்போதே ரத்தம் பெரும்பாலும் போய்விடும். சதைக்குள் மயோகுளோபின் என்று ஒரு சிவப்புப் புரதம் இருக்கிறது, அது இறைச்சியின் நீரோடு சேர்ந்து கசிகிறது. சூடு ஏறினால் பழுப்பாகிவிடும்.

இந்த ஊரை ஆஸ்திரேலியாவின் மாட்டிறைச்சித் தலைநகர் என்கிறார்கள். ரோட்டு நடுவிலெல்லாம் காளைச் சிலைகள். சுற்றுவட்டாரப் பண்ணைகளில் திமில் வைத்த மாடுகள் நிறைய. பிராமன் என்று பெயர். நம் நாட்டு ஓங்கோல், கிர் மாடுகளிலிருந்து அமெரிக்காவில் உருவாக்கிய இனம், 1933-இல் குயின்ஸ்லாந்துக்கு வந்தது. வெயிலும் உண்ணியும் தாங்குமாம்.

நீங்கள் தேங்காய்க் கொத்து போட்டு வறட்டும் இறைச்சி நடந்து உழைத்த சதை. சவ்வு கரையும் வரை வேகவைத்தால்தான் மெல்ல முடியும். ஸ்டேக்குக்கு எடுப்பது முதுகெலும்பை ஒட்டிய சதை, அதிகம் உழைக்காதது. அதை அவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தால் செருப்புத் தோல்தான்.

எங்கள் துண்டு நாலு சென்டிமீட்டர் கனம் இருக்கும். முந்தின நாளே உப்பு தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வைப்போம். மேல்பக்கம் நன்றாகக் காய வேண்டும். ஈரம் இருந்தால் அது ஆவியாகும் வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது, அப்புறம் எங்கே முறுகுவது? கிரில்லில் கரியை ஒரு பக்கமாகக் குவித்து, இறைச்சியை முதலில் கரி இல்லாத பக்கம் போட்டு மூடிவிடுவோம். உள்ளே 45 டிகிரி வந்ததும் கனலுக்கு நேர் மேலே தள்ளி, அடிக்கடி புரட்டுவோம். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் உடனே நகர்த்த வேண்டும், இல்லையென்றால் கரிப்புகை பிடித்துக் கசக்கும்.

பதம் பார்ப்பதுதான் பெரிய வேலை. பழைய ஆட்கள் விரலால் அமுக்கிப் பார்த்தே சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, துண்டுக்குத் துண்டு கனமும் கொழுப்பும் மாறுகிறதே. தெர்மாமீட்டர் ஊசியைப் பக்கவாட்டில் நடுச்சதை வரை குத்திப் பார்க்கிறேன். ரேர் (உள்ளே சிவப்பாக இருப்பது) என்றால் சுமார் 50 டிகிரி, மீடியம் ரேர் 55, மீடியம் 60, வெல் டன் (முழுதும் வெந்தது) 70-க்கு மேல். மூன்று நாலு டிகிரி முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். தட்டில் ஆறவிடும் நேரத்தில் உள்ளே சூடு தானாக ஏறும்.

கிருமி பயம் வேண்டாம். முழுத் துண்டில் அது இருப்பது பெரும்பாலும் வெளிப்பக்கம், கனலில் செத்துவிடும். கொத்திய இறைச்சியில் எல்லா இடமும் கலந்துவிடும், அதனால் பர்கரை மட்டும் முழுதாக வேகவைக்கிறோம்.

வெல் டன் கேட்பவர்களைச் சமையலறையில் கேலி செய்வார்கள். எனக்கு அது பிடிக்காது. காசு அவர்களுடையது, வாய் அவர்களுடையது. அந்த ஆர்டர் வந்தால் நான் துண்டை நடுவில் கீறி விரித்துப் போடுகிறேன், காய்ந்துபோகாமல் சீக்கிரம் வெந்துவிடும். நான் சாப்பிடுவது மீடியம். மாமியிடம் சொல்லிவிடாதீர்கள்.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது உங்களுக்கும் ஒரு தெர்மாமீட்டர் கொண்டுவருகிறேன். நம்மூர் மாட்டிறைச்சியில் ஸ்டேக் போட்டுப் பார்க்க வேண்டாம். பெரும்பாலும் வயதான மாடு, அன்றைக்கே அறுத்தது. இங்கே வாரக்கணக்கில் குளிரில் வைத்து மென்மையாக்கித்தான் விற்கிறார்கள். தெர்மாமீட்டரை நீங்கள் கோழி பொரிக்க வைத்துக்கொள்ளுங்கள். எலும்பை ஒட்டின இடத்தில் 75 காட்டினால் எண்ணெயிலிருந்து எடுத்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்